மனித மாண்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட ஆவணங்களைத் தமிழுக்குக் கொண்டுவருவது என் பிழைப்பு. சனிக்கிழமை மாலைகளில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்து மாடியில் அரசியலமைப்பு வகுப்பும் எடுக்கிறேன். இரண்டு இடத்திலும் என்னை அதிகம் படுத்தியெடுக்கும் சொற்றொடர் 'உள்ளார்ந்த மனித மாண்பு'. வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் இரண்டு வரியில் முடிந்துவிடும். சில லேசில் விடாது.

ஒரே வரியில் சொல்லுங்கள், மனித மாண்பு என்றால் என்ன?

மனிதராகப் பிறந்த ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு உள்ள மதிப்பு. படிப்பு, பணம், பதவி, சாதி, நன்னடத்தை எதுவும் அதைக் கூட்டாது, குறைக்கவும் செய்யாது.

தெருவில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. "எங்கள மனுசனாவே மதிக்கல" என்பார்கள். "நாங்களும் மனுசங்கதானே" என்பார்கள். ஐக்கிய நாடுகள் அவை பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் அந்தத் 'தானே'யில் அடங்கிவிடுகிறது.

'உள்ளார்ந்த' என்ற அடைமொழி எதற்கு? வெறும் மாண்பு என்றால் போதாதா?

யாரும் கொடுத்து வந்ததல்ல என்று அழுத்திச் சொல்லத்தான். கொடுத்தது என்றால் கொடுத்தவர் திருப்பிக் கேட்கலாம். குடும்ப அட்டையை அரசு தருகிறது, அரசே ரத்தும் செய்கிறது. மாண்பு அந்த ரகம் இல்லை.

இங்கே வகுப்பில் யாராவது ஒருவர் மடக்குவார். "பறிக்க முடியாதது என்கிறீர்கள். அப்புறம் 'மாண்பைப் பறித்துவிட்டார்கள்' என்று ஏன் எழுதுகிறீர்கள்?" நியாயமான கேள்விதான். பறிபோவது மாண்பு அல்ல, அதற்குரிய நடத்துமுறை. வீட்டுக்காரரை வெளியே தள்ளிப் பூட்டுப் போட்டாலும் பத்திரம் அவர் பெயரில்தானே இருக்கிறது, அதுபோல. கத்தோலிக்கத் திருச்சபை 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஆவணம் ஒன்று இந்தக் குழப்பத்துக்காகவே மாண்பை நான்காகப் பிரித்தது: இருப்பு சார்ந்தது, ஒழுக்கம் சார்ந்தது, சமூகம் சார்ந்தது, வாழ்நிலை சார்ந்தது. முதலாவதை மட்டும் எவராலும் இழக்க முடியாது. மற்ற மூன்றும் ஏறும், இறங்கும். மத நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இந்தப் பிரிவினை உதவும். நான் அதைக் கூச்சமில்லாமல் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

மரியாதை, கௌரவம், மானம், கண்ணியம், மாண்பு: எல்லாம் ஒன்றுதானே?

அகராதியில் அடுத்தடுத்த வீடுகள்தான். புழக்கத்தில் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லை.

மரியாதை என்பது கொடுத்து வாங்குவது. கோயில் திருவிழாவில் 'முதல் மரியாதை' யாருக்கு என்று வெட்டுக்குத்து வரை போன ஊர்கள் உண்டு. ஒருவருக்கு முதல் என்றால் இன்னொருவர் இரண்டாவதாக நின்றே ஆகவேண்டும். அங்கே போய் எல்லோருக்கும் சமமான மரியாதை என்று பேசிப்பாருங்கள்.

கௌரவம் இன்னும் மோசம். அது தனி மனிதருக்குச் சொந்தமே இல்லை, குடும்பத்துக்கும் சாதிக்கும் சொந்தம். சாதி மாறிக் காதலித்த மகளைக் கொன்றதை நம் நாளிதழ்கள் வெகுகாலம் 'கௌரவக் கொலை' என்றே அச்சிட்டன. அதை 'ஆணவக் கொலை' என்று மாற்றி எழுதவைத்தவர்கள் சாதி ஒழிப்புக்காக உழைத்தவர்கள். கொன்றவர் தன் செயலுக்குச் சூட்டிய பெயரைத் தலைப்பிலிருந்து இறக்கினார்கள். மொழிபெயர்ப்பாளனாக நான் பொறாமைப்படும் சொல்மாற்றம் அது.

மானம் தனி மனிதருக்கு உரியதுதான். ஆனால் போய்விடும். போனால் உயிரையும் விட்டுவிட வேண்டும் என்பது அதன் கணக்கு. மயிர் நீப்பின் வாழாக் கவரிமா என்று வள்ளுவர் சொன்னது அதைத்தான். புறநானூற்றின் 74-ஆம் பாட்டில் சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயில் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்கிறான். உடனே வரவில்லை. காலம் தாழ்த்தி வந்ததைக் குடிக்காமல் பாட்டெழுதி வைத்துவிட்டு இறந்துபோகிறான். அந்தப் பாட்டில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல். தண்ணீர் தராத காவலன் பக்கம் குற்றம் இருக்கையில், செத்தது ஏன் சேரமான்? மானம் என்ற சொல் அவமதிக்கப்பட்டவரையே கணக்குத் தீர்க்கச் சொல்கிறது. மாண்பு என்ற சொல் காவலனைக் கூப்பிட்டு விசாரிக்கிறது.

கண்ணியம் நடந்துகொள்கிறவரைப் பற்றியது. 'கண்ணியமாகப் பேசினார்' என்றால் பேசியவருக்குத்தான் பாராட்டு, கேட்டவருக்கு அதில் பங்கில்லை.

மாண்பு மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. 'மனைத்தக்க மாண்புடையள்' என்ற குறளில் அது ஒரு மனைவிக்கு இருக்கவேண்டிய தகுதி. இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்றைக்கும் 'மாண்புமிகு அமைச்சர்' என்று சுவரொட்டியில் போடுகிறோம். மாண்பு மிகுந்தவர் ஒருவர் மேடையில் இருந்தால் மாண்பு குறைந்தவர் எங்கோ கீழே நிற்கவேண்டும் அல்லவா?

இது தமிழின் குறை மட்டும் அல்ல. ஐரோப்பியச் சொல்லின் (ஆங்கிலத்தில் 'டிக்னிட்டி') வேரான இலத்தீன் 'டிக்னிடாஸ்' ரோமாபுரிப் பெருங்குடியினரின் அந்தஸ்தைக் குறித்தது. மேட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் வழங்கிய சொல்லை எடுத்துப் பிறந்தவர் அத்தனை பேருக்கும் பங்கு வைத்தார்கள். இந்தக் கருத்தின் வரலாறே அதுதான். ஆகவே இந்தச் சொல் எங்கே வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, பழைய அந்தஸ்துப் பொருளில் வருகிறதா, புதிய சமத்துவப் பொருளில் வருகிறதா என்பதை. ஒரே மேடைப் பேச்சில் இரண்டும் மாறி மாறி வரும்.

ஐ.நா.வின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் தமிழ் வடிவத்தில் என்ன சொல் இருக்கிறது?

இரண்டு சொல் இருக்கிறது! முகப்புரையில் 'மனிதக் குடும்பத்தினைச் சேர்ந்த யாவரதும் உள்ளார்ந்த மரியாதை' என்று வருகிறது. அடுத்து முதல் உறுப்புரையில் 'மதிப்பிலும், உரிமைகளிலும் சமமானவர்கள்' என்று மாறிவிடுகிறது. மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். 'யாவரதும்', 'சகலரும்' போன்றவற்றில் இலங்கைச் சட்டத் தமிழின் மணம் வீசுகிறது. அந்த மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானும் ஒரே வாரத்தில் மூன்று சொல் மாற்றியவன்தான். இந்தியாவில் 'மாண்பு', 'கண்ணியம்' இரண்டும் ஓடுகின்றன. இந்தப் பக்கத்தில் 'மாண்பு' என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சொற்றொடர் எப்போது உலகச் சட்டத்துக்குள் வந்தது?

1937-ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பு முகப்புரையில் தனிமனித மாண்பு என்ற பேச்சு உண்டு. 1945-இல் ஐ.நா. சாசனம் மனிதரின் மாண்பையும் மதிப்பையும் சொன்னது. ஆனால் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் நிறைவேறிய உலக மனித உரிமைப் பிரகடனத்தைத்தான். ஆதரவு 48, எதிர்ப்பு யாருமில்லை, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 8 நாடுகள்.

முதல் உறுப்புரை வரைவில் 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள்படக்கூடிய சொல் இருந்தது. அதை மாற்றி 'மனிதப் பிறவிகள் அனைவரும்' என்று வரவைத்ததில் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவின் பிடிவாதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த ஒரு சொல் அப்படியே நின்றிருந்தால் எத்தனை நாட்டில் எத்தனை வக்கீல்கள் அதைப் பிடித்துத் தொங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒதுங்கிய எட்டில் ஒன்று தென்னாப்பிரிக்கா. நிறவெறியைக் கொள்கையாக அறிவித்த கட்சி அங்கே அந்த ஆண்டுதான் ஆட்சிக்கு வந்திருந்தது. அதே நாட்டின் 1996 அரசியலமைப்பில் 10-ஆவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் உள்ளார்ந்த மாண்பு உண்டு என்று தொடங்குகிறது. ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டத்துக்கும் முதல் வரியே அதுதான்: மனித மாண்பு தீண்டத்தகாதது. ('தீண்டத்தகாதது' என்று எழுதியதும் கை நின்றது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு நேர் எதிர்ப் பொருள். 'மீறக்கூடாதது' என்று போட்டுக்கொண்டேன்.)

சரி, மனிதருக்கு ஏன் மாண்பு உண்டு? யார் சொன்னது?

பிரகடனம் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டதால் என்று சேர்க்கச் சொல்லி பிரேசில் கேட்டது. சீனப் பிரதிநிதி பி. சி. சாங் போன்றோர் அது எல்லா நாட்டு மக்களுக்கும் பொருந்தாது என்றார்கள். 'இயற்கையால்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். காரணத்தைக் காலியாக விட்டதால்தான் கம்யூனிஸ்டும் பாதிரியாரும் கன்பூசியரைப் படித்தவரும் ஒரே மேசையில் உட்கார முடிந்தது.

தத்துவ விடை வேண்டும் என்பவர்கள் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்டிடம் போவார்கள். 1785-இல் அவர் ஒரு பிரிவினை செய்தார்: எதற்கும் ஒன்று விலை உண்டு, அல்லது மாண்பு உண்டு. விலை உள்ளதற்குப் பதிலாக இன்னொன்றை வைத்துவிடலாம். மாண்பு உள்ளதற்கு மாற்று இல்லை. இதற்கு மேல் அவரை விளக்க இந்த மாடி வகுப்பு தாங்காது.

வள்ளுவர் 'பிறப்பொக்கும்' என்று அன்றைக்கே சொல்லிவிட்டாரே?

சொன்னார், பாதி. 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்பதோடு நிறுத்திவிட்டுத்தான் மேடையில் கைதட்டு வாங்குகிறோம். குறள் நிற்கவில்லை: 'சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்.' பிறப்பு சமம், ஆனால் செய்யும் செயலால் சிறப்பு சமமில்லை. அந்த அதிகாரத்தின் பெயரே பெருமை. வள்ளுவர் பேசவந்தது இரண்டாவது பாதியை.

ஆனாலும் அந்த இரண்டு சொல்லும், பிறப்பும் சிறப்பும், இந்தக் கருத்தை விளக்க எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த கருவி. மாண்பு பிறப்பின் பக்கம், மரியாதை சிறப்பின் பக்கம் என்று கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டுவிடுவேன். வகுப்பு பிடித்துக்கொள்ளும்.

கணியன் பூங்குன்றனாரையும் இழுப்பார்கள். 'யாதும் ஊரே'யை விட எனக்கு அந்தப் பாட்டின் கடைசிதான் முக்கியம்: பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே. அந்த 'அதனினும்' எவ்வளவு நுட்பம். வியக்காமல் இருப்பதை விட இகழாமல் இருப்பது முக்கியம் என்று ஒரு படி கூட்டி வைக்கிறார். அதற்காக 1948-ஐ நாமே கண்டுபிடித்தோம் என்று மார்தட்ட வேண்டாம். பிறப்பால் எவரையும் இழிவுபடுத்தக்கூடாது என்று அரசியலமைப்பில் எழுதிவைக்க நமக்கு 1950 வரை பிடித்தது.

சுயமரியாதையும் இதுவும் ஒன்றா?

அண்ணன் தம்பி. பெரியார் 1925-இல் காங்கிரஸை விட்டு வெளியேறிக் கையில் எடுத்த சொல் அது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிவால் இல்லாமல் எழுத்து ஒன்றை முன்னால் போட்டுக்கொள்கிறோமே, அந்தப் பழக்கம் வேரூன்றியதில் அந்த இயக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1967-இல் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்று இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவையும் தமிழ்நாடு சேர்த்தது.

வேறுபாடு எங்கே என்றால், மாண்பு எனக்கு இருக்கிறது என்பது ஒரு உண்மை. அது எனக்கு இருக்கிறது என்று நானே நம்பி நிமிர்ந்து நிற்பது சுயமரியாதை. மாண்பைச் சட்டத்தில் எழுதலாம். சுயமரியாதையைச் சட்டத்தில் எழுத முடியாது. துண்டைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிப் பழகிய உடம்பு அதை மறுபடி தோளுக்கு ஏற்றுவதற்கு அரசிதழ் அறிவிப்பு போதாது.

ஒருமையில் பேசுவது மாண்பைக் குலைப்பதாகுமா?

வகுப்பில் நேரம் போவதே தெரியாமல் ஓடும் கேள்வி இது. ஐ.நா. ஆவணம் எதிலும் இதற்கு விடை கிடையாது. அதன் ஆங்கில மூலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. நமக்கோ ஒவ்வொரு வினைமுற்றிலும் ஒரு தராசு தொங்குகிறது. வா, வாங்க, வாரும், வாடா.

நண்பன் 'டேய்' என்றால் அன்பு. காவல் நிலையத்தில் நாற்பது வயதுக்காரரைப் பார்த்து அதே 'டேய்' வந்தால் அது வேறு. நான் சிறுவனாக இருந்த ஊரில், எழுபதைத் தொட்ட ஒருவர் தலையில் புல்லுக்கட்டோடு போவார். தெற்குத் தெருப் பையன், பத்து வயதிருக்கும், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு "இங்க வா" என்பான். அவர் "என்னங்க சாமி" என்று திரும்புவார். கட்டை இறக்காமலே திரும்புவார், கழுத்து மட்டும் வராது, உடம்பு முழுக்கத் திரும்பும். யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு விகுதியில் எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

நாளிதழ்த் தமிழையும் பாருங்கள். திருட்டு வழக்கில் சிக்கியவர் 'பிடிபட்டான்', கோடிக்கணக்கில் மோசடி செய்தவர் 'கைது செய்யப்பட்டார்'. குற்றம் இருவர் மீதும் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. இப்போது பல இதழ்கள் எல்லோருக்கும் 'ஆர்' விகுதி போடுகின்றன. யாரும் கவனிக்காமல் நடந்த நல்ல மாற்றம்.

ஒருமையில் பேசியதற்காக மட்டும் வழக்கு போட முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதிப் பெயர் சொல்லிப் பொதுப்பார்வையில் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். வெறும் 'வா, போ'வுக்கு அதிகபட்சம் துறைரீதியான புகார்தான்.

இந்திய அரசியலமைப்பில் மாண்பு எங்கே இருக்கிறது?

முகப்புரையில், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல. நீதி, சுதந்திரம், சமத்துவம் என்று வரிசை வந்து, கடைசியில் சகோதரத்துவம் வருகிறது. தனிமனித மாண்பை உறுதிசெய்யும் பொறுப்பை அந்தச் சகோதரத்துவத்திடம்தான் ஒப்படைத்திருக்கிறார்கள். 1946 டிசம்பரில் நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தில் சகோதரத்துவம் இல்லை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு சேர்த்தது அது. நாட்டின் ஒற்றுமைக்கு முன்னால் தனிமனித மாண்பை வைத்த வரிசையும் கவனிக்க வேண்டியது.

17-ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. வாழ்வுரிமை பேசும் 21-ஆவது உறுப்பில் மாண்பு என்ற சொல்லே கிடையாது. நீதிமன்றம்தான் அதை உள்ளே கொண்டுவந்தது. வழிவிட்ட முக்கிய வழக்கு 1981-இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கு. திகார் சிறையில் தடுப்புக்காவலில் இருந்த வெளிநாட்டுப் பெண். ஐந்து வயது மகளை மாதம் ஒருமுறைதான் பார்க்கலாம் என்றது விதி. நீதிபதி பகவதி, வாழ்வு என்பது மூச்சு விடுவது மட்டுமல்ல, மாண்போடு வாழ்வது என்றார். போதிய உணவு, உடை, கூரை, படிக்க எழுத வசதி, பிறரோடு கலந்து பழகுவது எல்லாம் அதில் சேர்த்தி. 2014-இல் திருநர் உரிமை, 2017-இல் அந்தரங்க உரிமை, 2018-இல் தன்பாலின உறவு, அதே ஆண்டு மாண்போடு இறக்கும் உரிமை என்று அந்த வாசல் வழியாக வந்தவை ஏராளம்.

கொலை செய்தவனுக்கும் மாண்பு உண்டா?

உண்டு. 'கெட்டவனுக்குக் கிடையாது' என்றால் அது நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிவிடும், உள்ளார்ந்தது ஆகாது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின் 10-ஆவது உறுப்பு, 'உள்ளார்ந்த மாண்பு' என்ற சொல்லைச் சிறைப்பட்டவர்களுக்காகவே திரும்பவும் எழுதுகிறது. இந்தியா 1979-இல் அதில் இணைந்தது. அடுத்த ஆண்டே கைவிலங்கு வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், காரணமில்லாமல் விலங்கு மாட்டுவது மனிதத் தன்மையற்றது என்று எழுதினார்.

2024 அக்டோபர் 3 தீர்ப்பு இன்னும் கிட்டத்தில் சுடும். பல மாநிலச் சிறை விதிகளில் சமையல் ஒரு சாதிக்கு, கழிவறை சுத்தம் இன்னொரு சாதிக்கு என்று எழுதியே வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்து, சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. சண்டை வராமல் இருக்கத்தான் என்ற பழைய நியாயத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இறந்தவருக்கு உண்டா?

உண்டு என்கின்றன நம் நீதிமன்றங்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. சக மருத்துவரே இரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூட நேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, கண்ணியமான அடக்கமும் 21-ஆவது உறுப்பில் சேரும் என்றது.

துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினால் மாண்பு வந்துவிடுமா?

பெயருக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சொல்லை விற்றுச் சாப்பிடுகிறவன் அப்படிச் சொல்லக்கூடாது. 'திருநங்கை', 'மாற்றுத்திறனாளி' என்ற சொற்கள் வந்தபின் பழைய சொற்களைச் சொல்ல நாக்கு கூசுகிறது, அது ஆதாயம்தான். தூய்மைப் பணியாளர் என்ற பெயரும் 2020-இல் அரசாணையாக வந்தது.

ஆனால் பாதாளச் சாக்கடையில் இறங்குகிற ஆள் மாறவில்லை. 1993-இல் ஒரு தடைச் சட்டம், 2013-இல் இன்னொன்று. இரண்டாவது சட்டம் தன் முகப்பிலேயே மாண்போடு வாழும் உரிமையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியது. காண்ட் சொன்ன பிரிவினை நினைவிருக்கிறதா, விலையா மாண்பா என்று? தொகை ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது நமக்குத் தெரிந்தது முதலாவது மட்டும்தானோ என்று தோன்றும். குடும்பத்துக்கு அந்தப் பணம் தேவை, அதை நான் குறைத்துப் பேசவில்லை. செய்தித் தலைப்பையும் கவனியுங்கள்: 'விஷவாயு தாக்கி மூவர் பலி.' வாக்கியத்தில் வாயுதான் குற்றவாளி. உள்ளே இறக்கிவிட்ட ஒப்பந்தக்காரருக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

இது வெற்றுச் சொல் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், கொஞ்சம் உண்மையும் உண்டு. அமெரிக்க மருத்துவ அறவியலாளர் ரூத் மாக்லின் 2003-இல், மனிதர்களையும் அவர்கள் விருப்பத்தையும் மதிப்பது என்பதைத் தாண்டி இந்தச் சொல்லில் எதுவும் இல்லை என்று எழுதினார். கருக்கலைப்பு, கருணைக்கொலை விவாதங்களில் இரு தரப்பும் இதே சொல்லை வைத்து எதிர் எதிர் முடிவுக்கு வருவதைப் பார்த்தால் அவர் அலுப்பு புரிகிறது.

எனக்குப் பிடிபடாத வழக்கு பிரான்சில் நடந்தது. குள்ளமான ஒருவரைப் பாதுகாப்பு உடை அணிவித்துத் தூக்கி எறியும் கேளிக்கை. மோர்சாங்-சூர்-ஓர்ஜ் நகராட்சி தடை போட்டது. மனித மாண்புக்கு எதிரானது என்று 1995-இல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. எறியப்பட்டவரோ தன் வேலையைப் பறித்ததுதான் தன் மாண்புக்கு இழுக்கு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார். 2002-இல் அங்கேயும் தோற்றார். அவர் மாண்பை அவரிடமிருந்தே காப்பாற்ற வந்த அரசு, பிறகு அவர் எதை வைத்துப் பிழைப்பார் என்று யோசித்ததா? தடை சரிதான் என்றுதான் என் புத்தி சொல்கிறது. ஆனால் முழுமனதோடு சொல்ல முடியவில்லை.

இருந்தாலும் இந்தச் சொல்லை விட்டுவிட மனமில்லை. சித்திரவதை இல்லை, பட்டினி இல்லை, சட்டமீறல் ஒன்றும் சுட்டிக்காட்ட முடியவில்லை, ஆனாலும் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்ற இடத்தில் நமக்கு வேறு சொல் இல்லை.

இதை நான் ஒரு மனுவில் எழுதலாமா? பலன் இருக்குமா?

எழுதலாம். 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் மனித உரிமைக்குத் தரும் விளக்கத்திலேயே வாழ்வு, சுதந்திரம், சமத்துவம், மாண்பு நான்கும் உண்டு. அரசு ஊழியர் மீதான புகார் என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்பிவிடுங்கள், தாண்டினால் ஆணையம் விசாரிக்க முடியாது.

ஆனால் மாண்பிலிருந்து தொடங்காதீர்கள். என் வகுப்புக்கு வரும் ஒரு பெண் பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் விற்பனையாளர். கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் போராடி 2018-இல் வாங்கிய உட்காரும் உரிமை, 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவாக இங்கேயும் வந்தது. "ஸ்டூல் வந்துருச்சு சார்" என்றார் அவர். "அதுல புடவை அட்டைப்பெட்டிய அடுக்கி வச்சிருக்காங்க. எடுத்துட்டு உக்காந்தா கேமராவுல பாத்துட்டு சூப்பர்வைசர் வந்துருவாரு. அதனால செருப்ப கழட்டிட்டு ஒரு கால மாத்தி ஒரு கால்ல நிப்போம்." தொழிலாளர் துறைக்குக் கொடுக்க மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார். முதல் வரி: 'எங்கள் உள்ளார்ந்த மனித மாண்பு மீறப்படுகிறது.' என் வகுப்பின் பலன்! வெட்கமாக இருந்தது.

இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். இப்போது முதல் வரி இப்படி இருக்கிறது: 'இரண்டாம் தளம், பட்டுப் பிரிவு. விற்பனையாளர் 11 பேர், ஸ்டூல் 3. மூன்றின் மேலும் அட்டைப்பெட்டி.' அதற்குக் கீழே தேதிகள், வேலை நேரம், 22-அ. மாண்பு என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும் சார்" என்று கையெழுத்துக்கு மேலே கடைசி வரியில் அவரே எழுதிக்கொண்டார்.